வீட்டுத் தையலிடம்: தறிக்குழியிலிருந்து சன்னலோரம் வரை

தையல், நெசவு, பின்னல் போன்ற கைவேலைகளுக்கென வீட்டுக்குள் நிலையாக ஒதுக்கப்படும் பகுதியை வீட்டுத் தையலிடம் அல்லது கைவினையிடம் எனலாம். அது தனி அறையாகவோ, கூடத்தின் ஒரு மூலையாகவோ, திண்ணையாகவோ இருக்கலாம். மேலை நாடுகளில் இதைப் பெரும்பாலும் பொழுதுபோக்கு அறையாகவே கருதுகின்றனர். தமிழ்நாட்டில் இதன் வரலாறு பிழைப்போடு பிணைந்தது.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரின் சுற்றுவட்டாரத்தில் இந்த வரலாற்றின் இரு முனைகளையும் காணலாம். ஒரு முனை, வீட்டுக்குள்ளேயே தறி ஓடிய காஞ்சிபுரம். மறுமுனை, வேலையை வீட்டிலிருந்து முற்றிலும் பிரித்த தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இலும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இலும் கார் உற்பத்தியைத் தொடங்கின. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வரலாறு தையல் இயந்திரத்தினுடையது.

தறிக்குழி

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடுகளில் குழித்தறி வீட்டின் ஓர் உறுப்பாகவே அமைந்தது. தரையில் குழி தோண்டி, அதில் மிதிகளைப் பொருத்துவர். நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிப்பார். உடலுக்கும் கரைக்கும் கோர்வை போடும்போது துணைக்கு இன்னொருவர் வேண்டும் என்பதால், தறியருகே இரண்டாமவருக்கும் இடம் விட வேண்டியிருந்தது. ஊடை நூலைத் தாரில் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. பாவு நீளமானது; வீட்டுக்குள் அடங்காது. ஆகவே அதை விரித்துச் சீர்செய்யத் தெருவே இடம் தந்தது.

குழித்தறியைத் தூக்கி ஓரமாக வைக்க முடியாது. தறிக்குத் தனியிடம் கொடுத்த பிறகுதான் மற்றவற்றுக்கு இடம் பார்த்தனர்.

தையல் இயந்திரத்தின் வருகை

பிரான்சில் பார்த்தெலமி திமோனியே 1830இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிழைப்பு போய்விடும் என அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் அவரது பட்டறையை உடைத்தனர். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவே 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்றனர். சிங்கர் நிறுவனம் 1856இல் தவணைமுறை விற்பனையைத் தொடங்கியது. மொத்தப் பணம் கையில் இல்லாத குடும்பமும் இயந்திரம் வாங்க அது வழி செய்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சிங்கர் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டது.

இயந்திரங்களைக் குறித்துக் கடுமையான கருத்துகள் கொண்டிருந்த காந்தியும் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். 1924இல் தம்மைக் கேள்வி கேட்ட மாணவர் ஜி. இராமச்சந்திரனிடம், மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் கண்ட அன்பினால் பிறந்த கருவி அது என்ற பொருளில் பேசினார். அந்த இராமச்சந்திரன், தம் மனைவி டி. எஸ். சௌந்தரத்துடன் சேர்ந்து 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். 1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் தயாரிக்கத் தொடங்கிய உஷா இயந்திரம், பின்னர் தமிழ்நாட்டு வீடுகளிலும் பழக்கமான பெயராயிற்று.

இயந்திரம் கேட்ட இடம்

தைக்காத சேலையும் வேட்டியுமே முதன்மை உடைகளாக இருந்தவரை, வீட்டுத் தையலுக்கு ஊசி நூலே போதும். இரவிக்கை, பாவாடை, சட்டை ஆகியவை பரவியதும் தையலின் தேவை பெருகியது. கையால் சுழற்றும் இயந்திரத்தைப் பாயில் வைத்துச் சம்மணமிட்டுத் தைக்கலாம். வேலை முடிந்ததும் எடுத்து வைத்துவிடலாம். கால்மிதி இயந்திரம் அப்படியல்ல. அதற்கு மேசை, முக்காலி, கால் வீசி மிதிக்கும் அளவுக்கு இடம், பகல் வெளிச்சம் எல்லாம் வேண்டும். எனவே அது சன்னலோரத்தில் குடியேறியது. வலக்கையால் வேலை செய்பவருக்கு இடப்பக்கத்திலிருந்து ஒளி விழுந்தால், கையின் நிழல் வேலையை மறைக்காது.

தலைப்பகுதியை மேசைக்குள் மடக்கி மூடும் வகையும் வந்தது. சிறிய வீட்டில் அதே பலகை பிள்ளைகள் எழுதும் மேசையாகவும் பயன்பட்டது. துணி வெட்டுவது மட்டும் பல வீடுகளில் இன்றும் தரையில்தான் நடக்கிறது.

வீடே தொழிலிடம்

வீட்டில் தைப்பவர் தொழிலாளியா, ஓய்வு நேரத்தில் தைக்கும் இல்லத்தரசியா என்ற கேள்வி நெடுங்காலம் தீராமல் இருந்தது. கூலி உருப்படிக் கணக்கில் வந்தது. மின்சாரம், நூல், இடம் ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் தைப்பவர் தலையிலேயே விழுந்தது. 1972இல் அகமதாபாதில் இளா பட் தொடங்கிய சேவா, 1978இல் சென்னையில் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் மன்றம் ஆகியவை இத்தகைய பெண்களைத் தொழிலாளர்களாகத் திரட்டின.

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், பின்னர் தையல் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. அமைச்சராக இருந்த சத்தியவாணி முத்துவின் நினைவாகப் பெயரிடப்பட்ட அரசுத் திட்டம், கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு விலையில்லாத் தையல் இயந்திரம் வழங்குகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுவழி வேலைக்கான 177ஆம் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதில் இணையவில்லை. எனினும், 2008ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வேலை தருபவருக்காகத் தம் வீட்டிலிருந்து கூலிக்குப் பொருள் செய்பவரை வீட்டுவழித் தொழிலாளர் என வரையறுத்தது.

இன்றைய நிலை

இரவிக்கை தைத்தல், சேலைக்கு ஃபால்ஸ் வைத்தல், ஆரி வேலை ஆகியவை இன்று பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் தொழில்கள். ஆரி வேலைக்குத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். பாதி வேலையில் சட்டத்தை அவிழ்த்து வைப்பது கடினம். தொழிற்பகுதி ஊர்களின் ஓரறை, ஈரறை வாடகை வீடுகளில் இத்தகைய இடத்தை ஒதுக்குவது எளிதன்று. குழி தோண்டித் தறி அமைத்த குடும்பம், உழைப்பின் இடத்தை வீட்டுக்குள்ளேயே உறுதிசெய்திருந்தது. ஆனால் வாடகை வீட்டில் தைக்கும் பெண்ணுக்கு இயந்திரம் அரசிடமிருந்து விலையின்றிக் கிடைத்தாலும், அதை வைக்கும் சன்னலோரத்தை அவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.