அரிய நோயும் ஐந்து நிமிடப் பாடமும்: தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையை முன்வைத்து

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை, 1928இல் மருத்துவர் சௌரிமுத்து காசநோயாளர்களுக்காக நிறுவிய சானடோரியமாகத் தொடங்கி, 1937இல் அரசின் பொறுப்பிற்கு வந்து, 1990களில் எச்.ஐ.வி. தொற்றாளர்களையும் ஏற்று, 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை முதலில் தொடங்கப்பட்ட மையங்களுள் ஒன்றாயிற்று. இவ்வரலாற்றின் விளைவாக, வேறிடங்களில் அரிதெனப்படும் நோய்நிலைகள் பல இங்குள்ள வார்டுகளுக்குப் பழக்கமானவை. எனவே அருமை என்பது நோயின் இயல்பு அன்று, அதைக் காணும் இடத்தைப் பொறுத்தது.

நோயாளர் கூட்டம் மிகுந்த இத்தகைய மருத்துவமனைகளுக்கு நீண்ட விரிவுரையைவிடப் படுக்கையருகே நிகழும் ஐந்து நிமிடக் குறும்பாடமே ஏற்றது. 1992இல் அமெரிக்கக் குடும்பநல மருத்துவர்கள் வகுத்த 'ஒரு நிமிட ஆசான்' முறை, மாணவரைத் தம் முடிவைச் சொல்லவைத்தல், அதற்கான சான்றைக் கேட்டல், பொதுவிதி ஒன்றைக் கற்பித்தல், சரியானதைப் பாராட்டல், தவறைத் திருத்தல் என ஐந்து படிகளைக் கொண்டது. அன்றாட நோய்களுக்கு நன்கு பொருந்தும் இம்முறை அரிய நோயில் மூன்றாம் படியில் இடறுகிறது. ஏனெனில் ஒரே நோயாளரிடமிருந்து பொதுவிதி காண முனையும் மாணவர், அடுத்து வரும் பத்துப் பேரிடமும் அதே அரிய நோயைத் தேடத் தொடங்கிவிடுவார்.

தென்னிந்தியச் சானடோரியங்களின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1940இல் மதனப்பள்ளிச் சானடோரியத்தைச் சேர்ந்த ஃப்ரிமோட்-மோல்லரும் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றினும் காசமல்லாத நுரையீரல் நோய் ஒன்றை விவரித்தனர். இருமலும் எக்ஸ்ரே படத்தில் புள்ளி நிழல்களும் இருந்த அந்நோயாளர்களின் இரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் மிகப் பெருகியிருந்தன. 1943இல் வைன்கார்ட்டன் இந்நிலைக்கு வெப்பமண்டல ஈசினோபிலியா எனப் பெயரிட்டார். யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியாப் புழுவிற்கு உடல் காட்டும் மிகை எதிர்வினையே இது என்பது பிற்பாடே தெளிவாயிற்று. இதை 'இருமலும் ஈசினோபிலும் சேர்ந்தால் ஃபைலேரியா' என்று சுருக்கிக் கற்பித்தால், குடற்புழுவால் ஈசினோபில் சற்றே உயர்ந்த காசநோயாளர் உரிய மருந்தின்றி வீட்டுக்கு அனுப்பப்படுவார். கன மில்லிமீட்டருக்கு மூவாயிரத்தைத் தாண்டும் ஈசினோபில் எண்ணிக்கை, இரவில் மிகும் இருமல், சளியில் காசக்கிருமி இன்மை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடைபோடச் செய்யும் இரண்டாம் படிக்கே கிடைக்கும் நேரத்தின் பெரும்பகுதியை ஒதுக்க வேண்டும். நோயின் பெயரைச் சொல்லும் ஆர்வம் ஆசிரியருக்கே மிகுதி என்பதால் இது எளிதன்று.

சான்றை எடைபோட்டாலும் விடை உடனே உறுதியாவதில்லை. எச்.ஐ.வி.யும் காசமும் சேர்ந்தவருக்கு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் திரும்பி, நிணநீர்க் கணுக்கள் வீங்கி, எக்ஸ்ரே படம் முன்னிலும் மோசமாவதுண்டு. மீண்டெழும் நோயெதிர்ப்பாற்றல் உடலிலுள்ள காசக்கிருமிகளை எதிர்ப்பதால் எழும் இவ்வழற்சி, மருந்துக்கு அடங்காத காசத்தைப் போலவே தோற்றமளிக்கும். மருந்தெதிர்ப்பை விலக்கிய பின்னரே இம்முடிவுக்கு வர முடியும் என்பதால், பாடத்தின்போது மாணவர் சொல்லும் விடை சரியா என்பதை ஆசிரியரும் அப்போது அறியார். ஈசினோபிலியாவிலும் மூன்று வாரம் டையெத்தில்கார்பமசின் கொடுத்துக் குணம் தெரிந்த பிறகே ஐயம் முழுதும் நீங்குகிறது.

ஆகவே அரிய நோயாளரைப் பற்றிய குறும்பாடம் இரு தவணைகளாக அமைதல் வேண்டும்: சேர்க்கையன்று மாணவர் சொன்ன முடிவையும் காரணத்தையும் தேதியிட்டுக் குறித்துவைத்து, சிகிச்சையின் பலன் தெரிந்த நாளில் அதே குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் ஐந்து நிமிடத்தை நடத்தலாம். அதற்குள் மாணவர் வேறு பிரிவுக்கு மாறியிருந்தாலும் அவரை அன்று வார்டுக்கு அழைப்பது பாடம் நடத்துபவரின் பொறுப்பாகும்.