மணியும் மண்ணும்

அகழாய்வில் வெளிப்படும் பொருள்களுள் மிகச் சிறியது மணி. துளையிட்ட ஒரு கல், அறுத்துத் தேய்த்த ஒரு சங்குத் துண்டு, அவ்வளவே. எழுத்தற்ற இச்சிறுபொருள் வரலாறு கூறுமோ எனில், அது கிடந்த இடம் தெரிந்தால் கூறும். தெரியாவிடில் அது வெறுங்கல்லே. இதற்குத் தக்க சான்று பிப்ரவா.

உத்தரப்பிரதேசத்தில் நேபாள எல்லையை அடுத்துள்ள அவ்வூரில், வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்னும் ஆங்கிலேயப் பண்ணை மேலாளர் 1898இல் ஒரு செங்கல் தூபியை அகழ்ந்தார். உள்ளே பெரிய மணற்கல் பேழையொன்று இருந்தது. அதனுள் மாக்கல்லாலும் படிகத்தாலும் கடைந்த சிமிழ்கள் இருந்தன. எலும்புத் துண்டுகளுடன் செவ்வந்திக்கல், சூதுபவளம், படிகம், முத்து, பவளம், சங்கு, பொன் ஆகியவற்றாலான மணிகளும் சிற்றணிகளும் கிடைத்தன. சிமிழ் ஒன்றின்மேல் பொறித்திருந்த பிராமி எழுத்து, சாக்கியரையும் புத்தரின் உடலெச்சத்தையும் குறித்தது.

அணிகலன் விலக்குதல் பௌத்தத் துறவியர் நோன்புகளுள் ஒன்று. அந்நெறி கண்ட பெருமானின் தூபிக்குள் அணிமணிகள் இருப்பது முரணாகத் தோன்றலாம். அவை அணிவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. தாம் அருமையெனப் போற்றியவற்றை அன்பர்கள் எச்சங்களுடன் காணிக்கையாக இட்டனர். கடலுக்குப் பன்னூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இமயச்சாரலில் பவளமும் சங்கும் கிடைத்தமை, அந்நாளைய வணிகப் பாதைகளின் நீளத்தையும் உணர்த்துகிறது. பேழையும் எழுத்தும் உடனில்லையேல் இவ்வளவும் நமக்குத் தெரிந்திராது.

இதே கல் வேறிடத்தில் வேறு செய்தி கூறும். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில், தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வுகளில், முற்றுப்பெறாத மணிகளும் மூலக்கற்களும் கழிவுத் துணுக்குகளும் ஒருங்கே கிடைத்தன. ஆகவே அது மணி செய்தோர் வாழ்ந்த ஊர் எனத் துணிய முடிந்தது. வல்லம் வடகாலுக்கு அணித்தான ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில், 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, மணிகளுடன் ரோமானியச் சாடித் துண்டுகளும் சக்கர முத்திரையிட்ட ஓடுகளும் வெளிப்பட்டன. அங்கே மணி கடல்வணிகத்தின் துணைச்சான்றாயிற்று. காணிக்கை, கைத்தொழில், வணிகம் என மணியின் பொருளை வரையறுப்பது உடன்கிடந்தவையே.

பிப்ரவா எச்சங்கள் பின்னர்ப் பிரிந்தன. எலும்புகள் சயாம் மன்னருக்கும், மணிகளின் பெரும்பகுதி கல்கத்தா அருங்காட்சியகத்திற்கும் சென்றன. ஒரு பகுதி பெப்பேயிடமே விடப்பட்டது. அப்பகுதி 2025 மே மாதத்தில் ஹாங்காங்கில் ஏலத்திற்கு வரவிருந்தது. இந்திய அரசும் பௌத்தர்களும் எதிர்த்தமையால் ஏலம் ஒத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் அம்மணிகள் தாயகம் திரும்பின. அவற்றைப் புனிதமெனக் கோர இயன்றதற்குக் காரணம், அவை கிடைத்த இடம் அன்றே பதிவாகியிருந்தமையே.

இப்பாடம் இப்பகுதிக்கு மிகவும் வேண்டியது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த இந்நிலத்தில் ஆலைகளுக்காகவும் சாலைகளுக்காகவும் மண் ஆழமாகப் பெயர்க்கப்படுகிறது. தொழில் வளர்வது நன்றே. எனினும் லாரியில் ஏறி வேறிடத்தில் கொட்டப்பட்ட மண்ணிலுள்ள மணி, கண்ணிற் பட்டாலும் வாய் திறவாது. பழைய ஓடோ மணியோ தென்படுமிடத்தில் தோண்டுதலைச் சற்றே நிறுத்தித் தொல்லியல் துறைக்கு அறிவிப்பது, எவரும் செய்யக்கூடிய வரலாற்றுப் பணியாகும்.