கோல்ப் கருவி மதிப்புரை

கோல்ப் கருவி மதிப்புரை என்பது குழிப்பந்தாட்டத்துக்கான மட்டை, பந்து முதலியவற்றை ஓர் இதழ் ஆடிப் பார்த்தோ அளந்து பார்த்தோ வாசகருக்கு வழங்கும் தீர்ப்பு. தீர்ப்பு ஒரு பக்கத்திலும் அதே மட்டையின் முழுப்பக்க விளம்பரம் எதிர்ப்பக்கத்திலும் வருவது இவ்வகை எழுத்தின் பிறவிக் குறை. மலேசியாவில் முன்னணி நிறுவனத்தின் புதிய டிரைவர் (நெடுந்தூர அடிக்கான மட்டை) ஒன்று 2,000 வெள்ளியைத் தாண்டுவதால், அந்தத் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வீண் கேள்வியல்ல.

இந்தக் கேள்வி மலேசியத் தமிழருக்கும் உரியதே. கோலாலம்பூரின் செந்தூல், ரயில் பட்டறையாலும் அதை நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களாலும் அறியப்பட்ட வட்டாரம். பட்டறையை ஒட்டிய ரயில்வே நிலத்தில் ஒரு காலத்தில் கோல்ப் திடல் இருந்தது. இன்று அந்த இடம் செந்தூல் பூங்கா. எம். இராமையா, பி. குணசேகரன் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆசியப் போட்டிகளில் ஆடியிருப்பதால், கோல்ப் தமிழர்களுக்கு வேற்று ஆட்டமும் அல்ல. ஆட்டத்தின் வரலாற்றிலேயே மலாயாவுக்கு ஒரு பங்குண்டு. 1848 வாக்கில் இறகுப் பந்தை ஒழித்துக்கட்டிய 'கட்டி' பந்து, இந்த மண்ணின் காட்டு மரங்களில் வடிந்த கெத்தா பெர்ச்சா பிசினால் ஆனது.

மதிப்புரைகளில் அதிகம் அடிபடும் சொல் 'கூடுதல் தூரம்'. புது மாடல் வரும்போதெல்லாம் பத்து கஜம் கூடியதாகப் படிக்கிறோம். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் டிரைவர் அடியின் சராசரி 2003இல் சுமார் 286 கஜம். 2023இல் சுமார் 300. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கே இருபது ஆண்டில் கிடைத்தது ஏறக்குறைய 14 கஜம்தான். அதிலும் உடற்பயிற்சிக்கும் பந்துக்கும் பங்கு போக, மட்டைக்கு மிஞ்சுவது எவ்வளவோ!

காரணம் எளிது. டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன செண்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதன் முகத்தின் துள்ளலுக்கும் விதி உச்சவரம்பு வைத்திருக்கிறது. சிறு ஊசல் ஒன்றை முகத்தில் மோதவிட்டு, தொட்டிருக்கும் நேரத்தை மைக்ரோ நொடியில் அளக்கிறார்கள். சலுகையோடு சேர்த்து 257 வரை அனுமதி. பெரிய நிறுவனங்கள் அனைத்தும் அந்த விளிம்பை எப்போதோ எட்டிவிட்டன. ஒரே கூரையில் தலை இடித்து நிற்பவர்களுள் யார் உயரம் என்று ஆண்டுதோறும் அட்டைப்படச் செய்தி போடுகிறார்கள்.

இரும்பு மட்டைகளில் நடப்பது இன்னும் சுவையானது. 1980களில் 7 எண் இரும்பின் முகச்சாய்வு 35 பாகைக்கு அருகில் இருந்தது. இன்று தூரத்துக்காகச் செய்யப்படும் செட்டுகளில் அது 30க்கும் கீழே. பழைய 5, 6 எண் மட்டையின் அடிப்புறத்தில் 7 என்று பொறித்தால் பந்து தூரம் போகத்தானே செய்யும்? 'புதிய 7 எண் பதினைந்து கஜம் கூடுதல்' என்று எழுதிவிட்டுச் சாய்வுக் கோணத்தைக் குறிப்பிடாத மதிப்புரை பொய் சொல்லவில்லை. உண்மையில் பாதியை விழுங்கிவிட்டது.

கருவி மதிப்புரைகளில் மிகுந்த செல்வாக்குள்ளது அமெரிக்காவின் கோல்ப் டைஜஸ்ட் இதழ் 2004 முதல் வெளியிடும் ஹாட் லிஸ்ட். பல்வேறு திறன்நிலை கொண்ட ஆட்டக்காரர்களை வரவழைத்து அடிக்கச் சொல்லி, தங்கம், வெள்ளி எனத் தரம் பிரிக்கிறார்கள். உழைப்பில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பதக்கம் பெறாத மட்டை ஏன் தோற்றது என்று அந்தப் பட்டியலில் தெரிந்துகொள்ள முடியாது. மதிப்புரைக்கான மட்டைகளைப் பொதுவாக நிறுவனங்களே அனுப்புகின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும். கடை அடுக்கிலிருந்து எடுத்ததற்கும் தேர்ந்தெடுத்து அனுப்பியதற்கும் சாய்விலும் எடையிலும் சிறு வேறுபாடு இருக்க வாய்ப்புண்டு. 1936இல் தொடங்கிய அமெரிக்கப் பயனீட்டாளர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் விளம்பரம் வாங்காமல், பொருளைக் கடையிலேயே காசு கொடுத்து வாங்கிச் சோதிப்பது இதனால்தான்.

வெளிநாட்டு மதிப்புரை சொல்லும் விதியே இங்கே செல்லாமல் போன சந்தர்ப்பமும் உண்டு. 2000இல் காலவே நிறுவனம் இஆர்சி II என்ற டிரைவரை வெளியிட்டது. முகம் அதிகம் துள்ளுகிறது என்று அமெரிக்க கோல்ப் சங்கம் அதை விலக்கியது. அமெரிக்கா, மெக்சிகோ தவிர்த்த நாடுகளில் விதிகளைக் கவனிக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்பு அப்போது தடுக்கவில்லை. அமெரிக்க இதழில் 'விதிமீறல்' என்று படித்த மட்டையை கோலாலம்பூர்க்காரர் அன்று தாராளமாகப் போட்டிக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

மண்ணும் மாறுகிறது. ஹாட் லிஸ்ட் சோதனைகள் பெரும்பாலும் வறண்ட அரிசோனாவில் நடந்திருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மழை கொட்டி ஓய்ந்த பிறகு மண் சொதசொதவென்று கிடக்கும். பழைய திடல்களில் 'கவ் கிராஸ்' எனப்படும் அகன்ற இலைப் புல் மட்டையைப் பிடித்து இழுக்கும். இங்கே குறுந்தூர அடிக்கான வெட்ஜ் மட்டையின் அடிப்பாகம் போதிய அளவு சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முனை மண்ணில் புதைந்துவிடும். கெட்டித்தரையில் தங்கம் வாங்கிய கூர்மையான அடிப்பாகம் இங்கே மண்வெட்டியாகிவிடுகிறது.

இயந்திரக் கைகளுக்கும் நம் கைகளுக்கும் உள்ள தூரம் இதைவிடப் பெரிது. ஆட்டக்காரர் பைரன் நெல்சனின் வீச்சை ஒட்டி 1960களில் உருவான 'அயர்ன் பைரன்' இயந்திரம் ஒரே புள்ளியில் அடித்துக்கொண்டே இருக்கும். பயிற்சிக் கூடத்தில் அனுபவசாலிகள் செய்யும் ஒரு மலிவான சோதனை உண்டு. காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை டிரைவர் முகத்தில் லேசாகத் தூவிப் பத்துப் பந்து அடிப்பது. வெண்பூச்சில் பத்து வட்டங்கள் விழும்: இரண்டு நடுவில், நாலைந்து நுனிப்பக்கம், மற்றவை அங்குமிங்கும், ஒன்று விளிம்பையே தொட்டிருக்கும். அந்தச் சிதறலை எந்தத் தண்டு, எந்தத் தலை குறைக்கிறது என்பதுதான் வாங்குபவருக்கு வேண்டியது. மதிப்புரை அட்டவணையோ பெரும்பாலும் மிக நீளமான அடியையும் சராசரியையும் காட்டும். சிதறலைக் காட்டுவது அபூர்வம்.

மலேசியாவில் விளம்பரத்துக்கு அஞ்சாமல் பொருள்களை எடைபோட்ட அமைப்பு 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம். நெடுங்காலம் அதன் தலைவராக இருந்தவர் எஸ். எம். முகமது இத்ரிஸ். கோல்ப் மட்டை அதன் சோதனை மேசைக்கு வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. திடல்கள் காட்டையும் நீரையும் விழுங்குகின்றன என்று உலகளாவிய கோல்ப் எதிர்ப்பு இயக்கம் 1993இல் தொடங்கியது அதே பினாங்கில்தான்!

மதிப்புரையை நம்பி வாங்கி ஏமாந்தவருக்கு இதழின் மீது வழக்காடுவது கடினம், கருத்து கருத்துதான். கடைக்காரர் சொன்னதும் பொருளும் ஒத்துப்போகவில்லை என்றால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயத்தை அணுகலாம். 50,000 வெள்ளி வரையான கோரிக்கைகளை, வழக்கறிஞர் இல்லாமலே அது விசாரிக்கும்.