கண்டித் துடுப்பாட்ட அணி: பெயரும் உரிமையும்

விளையாட்டு வரலாறு வெற்றி தோல்விகளின் பட்டியலன்று. ஓர் அணியைத் தோற்றுவித்தவர் யாவர், அதற்குப் பணம் செலவிட்டவர் யாவர், எந்த ஊரின் பெயரால் அது ஆடியது, அவ்வூர் மக்களுக்கு அதில் எத்தகைய பங்கு இருந்தது என்னும் வினாக்களும் அவ்வரலாற்றுள் அடங்கும். லங்கா பிரிமியர் லீக் போட்டிகளில் 2020ஆம் ஆண்டு முதல் கண்டியின் பெயரால் ஆடிய தொழில்முறைத் துடுப்பாட்ட அணியின் குறுகிய வரலாற்றை இவ்வினாக்களின் அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழில்முறை அணி என்னும் அமைப்பின் தோற்றத்தை விளங்கிக்கொள்ள அமெரிக்கப் பேஸ்போல் ஆட்டத்தின் வரலாறு துணைசெய்யும். கடுகண்ணாவை மலையேற்றத்தைக் கடந்து கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல் ஆகும். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கறுத்துச் செல்லும் புகையிரதப் பாதை நிறைவெய்தியது. அதே 1869இல், ஆட்டக்காரர் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் வழங்கிய முதல் பேஸ்போல் அணியாகச் சின்சினாட்டி ரெட் ஸ்ரொக்கிங்ஸ் களமிறங்கியது. அணியை வழிநடத்திய ஹரி ரைட் இங்கிலாந்திற் பிறந்தவர். துடுப்பாட்டத்தைத் தொழிலாகக் கொண்டு சின்சினாட்டிக்கு வந்தவர். அவருடைய தம்பி ஜோர்ஜ் ரைட் பெற்ற சம்பளம் 1,400 டொலர். புதிய புகையிரதப் பாதை வழியாக இவ்வணி சான் பிரான்சிஸ்கோ வரை சென்று ஆடியது. அவ்வாண்டு முழுவதும் அது தோல்வியையே காணவில்லை.

எனினும் 1870 யூனில் புரூக்ளினில் முதல் தோல்வி நேர்ந்தது. செலவு மிகுந்தமையால் அவ்வாண்டின் இறுதியில் கழகத்தார் தொழில்முறை அணியைக் கைவிட்டனர். ஹரி ரைட் சிறந்த ஆட்டக்காரர் சிலரையும் ரெட் ஸ்ரொக்கிங்ஸ் என்னும் பெயரையும் பொஸ்டனுக்குக் கொண்டுசென்றார். அந்தப் பொஸ்டன் அணி பின்னர் 1953இல் மில்வோக்கிக்கும் 1966இல் அற்லாண்டாவுக்கும் இடம்பெயர்ந்தது. இன்றைய அற்லாண்டா பிரேவ்ஸ் அதன் வழிவந்ததே. உரிமையாளரின் கணக்கு மாறும்போது ஊர் தன் அணியை இழக்கும் என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகின்றது.

கண்டியின் விளையாட்டு மரபு வேறோர் அடிப்படையில் வளர்ந்தது. கோப்பியை ஏற்றிச்செல்ல அமைந்த புகையிரதப் பாதையைத் தொடர்ந்து தோட்டத்துரைமாரின் விளையாட்டுகளும் மலைநாட்டில் வேரூன்றின. 1874இல் கண்டி விளையாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. ஆங்கிலேயருக்குரியதாகத் தொடங்கிய அக்கழகம் பிற்காலத்தில் உள்ளூரவரின் கழகமாகி, றகர் ஆட்டத்தில் நாட்டின் முன்னணி நிலையை எய்தியது. துடுப்பாட்டத்தை வளர்த்தவை பாடசாலைகளே. திரித்துவக் கல்லூரியின் அஸ்கிரிய மைதானம் 1983இல் ரெஸ்ட் போட்டிக் களமாயிற்று. தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரனும், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மாணவருமான முத்தையா முரளிதரன், 2007 டிசம்பரில் அம்மைதானத்திலேயே 709ஆவது விக்கெட்டை வீழ்த்தி உலக சாதனையைத் தமதாக்கினார். துரைமார் ஆடிய ஆட்டம் தொழிலாளர் பரம்பரையின் ஆட்டமுமாகியமைக்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இம்மரபின்மீதே தொழில்முறை அணி எழுந்தது. 2012இல் நடைபெற்ற ஸ்ரீலங்கா பிரிமியர் லீக்கில் கந்துரட்ட வொரியர்ஸ் என்னும் அணி இடம்பெற்றது. அப்போட்டி ஒரே ஆண்டுடன் முடிவுற்றது. 2013இல் சம்பியன்ஸ் லீக் போட்டிக்கு மாகாண அணியாகிய கந்துரட்டவும் இந்தியாவின் சன்ரைசர்ஸ் அணியும் தகுதிபெற்றபோது, இரண்டிலும் இடம்பெறத்தக்கவராயிருந்த குமார் சங்கக்கார கந்துரட்டவையே தெரிந்துகொண்டார். பணத்தினும் மண் பெரிதாகக் கருதப்பட்ட அரிய நிகழ்ச்சி அதுவெனலாம்.

2020இல் லங்கா பிரிமியர் லீக் தொடங்கியபோது கண்டியின் அணி 'டஸ்கர்ஸ்' எனப்பட்டது. பெருந்தொற்றுக் காரணமாகப் போட்டிகள் யாவும் அம்பாந்தோட்டையில் நிகழ்ந்தன. முதல் ஆட்டத்திலேயே கண்டி 219 ஓட்டங்கள் குவித்தும், கொழும்பு அணி அதனைச் சமன்செய்து சுப்பர் ஓவரில் வென்றது. 2021இல் அணியின் பெயர் 'வொரியர்ஸ்' என மாறியது. அவ்வாண்டும் கண்டியில் ஓர் ஆட்டமேனும் நடைபெறவில்லை. இவ்விரு ஆண்டுகளிலும் அணி கடைசி இடத்தையே பெற்றது. 2022இல் 'பல்கன்ஸ்' என்னும் பெயருடன் வனிந்து ஹசரங்கவின் தலைமையில் ஆடிய அணி முதற்சுற்றில் முதலிடம் பெற்றது. பல்லேகல மைதானத்திலும் அவ்வாண்டு போட்டிகள் நடைபெற்றன. 2023இல் உரிமை பெற்ற நிறுவனத்தின் பெயரே அணியின் பெயராகி, 'பி-லவ் கண்டி' என வழங்கிற்று. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் தம்புள்ளை அணியை 5 விக்கெட்டுகளால் வென்று கண்டி முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. காயமுற்ற ஹசரங்கவுக்குப் பதிலாக அஞ்சலோ மத்தியூஸ் அன்று தலைமை தாங்கினார். 2024இல் 'பல்கன்ஸ்' என்னும் பெயர் மீண்டது. யாழ்ப்பாண அணியிடம் ஒரே ஓட்டத்தாற் தோற்று இறுதியாட்டத்திற்குச் செல்லும் வாய்ப்பைக் கண்டி இழந்தது.

இவ்வாறு நான்கு ஆண்டுகளில் நான்கு பெயர்கள் வழங்கின. அமெரிக்காவில் அணி ஊரைவிட்டு நீங்கிற்று. கண்டியிலோ ஊர்ப்பெயர் நிலைத்திருக்க ஏனைய யாவும் மாறின. தோற்றத்தில் இவை எதிரெதிரானவை, அடிப்படையில் ஒன்றே. இரண்டிலும் ஊர் என்பது விலைக்கு வாங்கப்படும் ஒரு பெயர் மாத்திரமே. 2023இன் வெற்றியை எந்தப் பெயரால் நினைவுகூர்வது என்று ஓர் இரசிகன் மயங்குவானாயின் அது அவன் குற்றமன்று.

ஆயினும் இத்தகைய அணிகளால் ஊருக்குப் பயனேயில்லை என்று கூறுவதும் பொருந்தாது. 2024 வரை நடைபெற்ற ஐந்து போட்டித் தொடர்களில் நான்கில் வாகை சூடிய யாழ்ப்பாண அணி, தன் ஊரில் ஒருமுறையேனும் ஆடியதில்லை. எனினும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் அவ்வணியிலேயே அறிமுகமாகி, 2024இல் இந்தியன் பிரிமியர் லீக் வரை சென்றார். ஊர்ப்பெயர் வெறும் விளம்பரமாக நில்லாது ஓர் இளைஞனுக்குக் கதவு திறந்தபோதுதான் அது பொருளுடையதாயிற்று.

எனவே பெயர் தரும் ஊருக்குச் சில உரிமைகளும் உண்டெனக் கொள்ளுதல் நியாயமாகும். உரிமையாளர் மாறினும் மாறாத ஒரு பெயர், ஆண்டுதோறும் சொந்த மைதானத்தில் சில ஆட்டங்கள், மாவட்டப் பாடசாலைகளிலிருந்தும் தோட்டப் பாடசாலைகளிலிருந்தும் தெரிவாகும் இளைஞருக்கு உறுதிசெய்யப்பட்ட இடம் ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளாக வேண்டும். இவை இல்லாதவிடத்துக் கண்டி அணியின் வரலாறு உரிமையாளர்களின் வரலாறாகவே எழுதப்படும். கண்டி மக்கள் அதில் நுழைவுச்சீட்டு வாங்கியோராக மட்டுமே இடம்பெறுவர்.