யார் சட்டையை யார் பிடிக்கலாம்?

பிரான்சில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் ஒரு தேவாலயம் இருக்கும், ஒரு நகரசபை இருக்கும், பெரும்பாலும் ஒரு ஜூடோ கிளப்பும் இருக்கும். தேவாலயத்துக்கு ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. நகரசபைக்குக் கடிதம் வந்தால்தான் போவோம். ஜூடோ கிளப் மட்டும் புதன்கிழமைப் பின்னேரங்களில் சந்தை மாதிரி இரையும். நாடு முழுக்க ஐயாயிரம் அளவில் கிளப்புகள், ஐந்து லட்சம் பேரளவில் உறுப்பினர்கள். ஜூடோ பிறந்த யப்பானில் பதிவுசெய்திருப்பவர்களைவிட இது சில மடங்கு அதிகம். இது எப்படி நடந்தது, இதற்குள் எங்கட ஆட்களுக்கு என்ன கதை இருக்கிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் பாரிசில் ஒரு உணவகக் குசினியில் வேலைசெய்பவன். ஊரில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கினேன். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. அதோடு என்ர படிப்பும் மூடப்பட்டது. இங்கே மகளை ஜூடோவுக்குக் கூட்டிக்கொண்டுபோய், ஒரு வருடம் வாங்கிலில் இருந்து கொட்டாவி விட்டு, கடைசியில் நாற்பத்தொரு வயதில் நானும் சேர்ந்துகொண்டேன். இப்போது என்ர இடுப்பில் செம்மஞ்சள் பட்டி. மகள் பச்சை. ஆகவே கிளப்பில் அவள் எனக்கு மேல்.

கதை யப்பானில் தொடங்குகிறது. அங்கே வாள் ஏந்தும் உரிமை சாமுராய் குலத்துக்கு மட்டும்தான் இருந்தது. மெய்ஜி ஆட்சி குலப்படிகளைச் சட்டத்திலிருந்து நீக்கியது. 1876இல் வாள் தரிப்பதையும் தடைசெய்தது. வாளோடு சேர்ந்து, ஆயுதமில்லாமல் மல்லுக்கட்டும் ஜூஜூட்சுக் கலைக்கும் மவுசு போனது. பழைய ஆசான்கள் சீடர் இல்லாமல் பிழைப்புக்கு அலைந்த காலத்தில் அவர்களைத் தேடிப் போனவர் ஜிகோரோ கானோ. 1860இல் பிறந்தவர். சாக்கே மது வடிக்கும் வணிகக் குடும்பம். ஆள் சின்ன உருவம், பள்ளிக்கூடத்தில் பெரிய பெடியன்களிடம் அடிவாங்கியவர். 1882இல் ரோக்கியோவில் எய்ஷோஜி என்ற பௌத்த கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்து ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். அதுதான் கொடோகான்.

கானோ செய்த வேலை இரண்டு. ஆளைக் கொல்லக்கூடிய பிடிகளைப் பயிற்சிச் சண்டையிலிருந்து விலக்கினார். இரகசியமாய்க் குரு சீடனுக்குச் சொல்லிவந்ததை எவரும் படிக்கிற பாடமாக்கினார். 1883இல் தன் மாணவர் இருவருக்கு முதலாம் 'தான்' தரம் கொடுத்தார். ஒருவன் எந்தக் குலத்தில் பிறந்தான் என்பதை விட்டுவிட்டு, அவனுக்கு என்ன தெரியும் என்பதை வைத்து வரிசையில் இடம் கொடுக்கிற முறை அது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இதன் கனம் விளங்கும்.

பிரான்சுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் யார் என்று பார்த்தால் இரண்டு பரதேசிகள். ஒருவர் மோசே ஃபெல்டன்கிரைஸ். இன்றைய உக்ரைனில் 1904இல் பிறந்த யூதர். பதின்ம வயதில் பாலஸ்தீனம் போய், அங்கே கூலிவேலை செய்து, 1930இல் பாரிசுக்குப் படிக்க வந்தவர். 1933இல் பாரிசுக்கு வந்த கானோவைச் சந்தித்தார். 1936இல் இங்கே ஒரு ஜூஜூட்சுக் கிளப்பைத் தொடங்கினார். 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிசை நெருங்க, கிளப்பையும் ஆய்வுகூடத்தையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்கு ஓடினார். பிரெஞ்சு ஜூடோவின் தகப்பன்மாரில் ஒருவர் எங்களைப்போல ஓடியவர்தான்.

மற்றவர் கவாய்ஷி மிக்கினோசுகே. லண்டனில் படிப்பித்துவிட்டு 1935இல் பாரிசுக்கு வந்தவர். பிரெஞ்சுக்காரர்களின் வாயில் யப்பானியப் பெயர்கள் நுழையவில்லை. அதனால் வீச்சுகளுக்கு இலக்கம் போட்டார்: காலால் வீழ்த்துவதில் முதலாவது, இரண்டாவது என்று. எங்கட உணவகத்தில் சாப்பாட்டுக்கு இலக்கம் போட்டு வைத்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான். மஞ்சள், செம்மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறப் பட்டிகளையும் இங்கே பரப்பினார். கறுப்புப் பட்டிக்குப் பல வருடம் காத்திருக்கப் பொறுமை இல்லாத ஊரில் வருடத்துக்கொரு நிறம் என்றவுடன் ஆட்கள் நின்றுபிடித்தார்கள்.

1946இல் பிரெஞ்சு ஜூடோ சம்மேளனம் உருவானது. 1955 நவம்பரில் ஒரு சட்டமே வந்தது: ஜூடோ படிப்பிக்கிற ஆளுக்கு அரச தகுதி இருக்கவேண்டும். ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்கலாம். பதில் யப்பானில் இருக்கிறது. அங்கே 1983 தொடக்கம் முப்பது வருடம்வரையான காலத்தில் பாடசாலை ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். பெரும்பாலும் தலையில் அடி. விழப் பழகாத பிள்ளையைத் தூக்கி எறிந்தால் வேறென்ன நடக்கும்? 2022இல் யப்பானிய சம்மேளனம் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் தேசியப் போட்டியையே நிறுத்தியது. பெற்றோரும் பயிற்சியாளரும் வெற்றிக்காகப் பிள்ளைகளை வதைத்ததுதான் காரணம்.

எங்கட கிளப்பில் முதல் இரண்டு மாதம் விழுவதுதான் பாடம். பின்பக்கமாக, பக்கவாட்டாக, உருண்டு. நாடி நெஞ்சோடு ஒட்டவேண்டும், கை பாயில் அறையவேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கும் அதே பாடம், எனக்கும் அதே பாடம். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விழுவார்கள். எனக்கு விழுகிற ஒவ்வொரு முறையும் உடம்பு விறைத்தது. நாங்கள் வளர்ந்த காலத்தில் நிலத்தில் விழுவதென்றால் அது வேறு காரணத்துக்கு. இது விளையாட்டு என்று முதுகெலும்புக்கு விளங்க நாலைந்து மாதம் எடுத்தது.

வெள்ளி இரவு பெரியவர்களின் வகுப்பு. எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தபால்காரி ஒருவர், பேக்கரிக்காரர், மாலியிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி, இரண்டு பல்கலைக்கழக மாணவிகள், ஒரு பொலிஸ்காரர். தொடங்கும்போது பட்டி வரிசையில் நின்று குனிந்து வணங்குவோம். பிறகு ஒருவர் சட்டையை ஒருவர் பிடிப்போம். ஊரில் சட்டையைப் பிடிப்பதென்றால் சண்டைக்கு இழுப்பது. அதுவும் யார் யாருடைய சட்டையைப் பிடிக்கலாம் என்பது பிறப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. ஜூடோவில் சட்டையைப் பிடிக்காமல் ஒன்றுமே தொடங்காது. மெற்றோவில் என்னை மறித்துக் காட்டைக் கேட்கக்கூடிய தொழில் அந்தப் பொலிஸ்காரருக்கு. வெள்ளி இரவு அவர் கழுத்துப்பட்டை என் கையில். அவர் என்னை எறிவார், நானும் சிலவேளை எறிவேன். முடிந்ததும் இருவரும் குனிந்து நன்றி சொல்லவேண்டும்.

ஜூடோவை நான் புனிதமாக்கவில்லை. அதற்குள்ளும் தீட்டுகள் இருந்தன. 1959இல் நியூயோர்க்கில் ரஸ்டி கனொகோகி என்ற பெண் ஆண்போலத் தோற்றம் காட்டிப் போட்டியிட்டு வென்றார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைப் பறித்தார்கள். கானோவின் நேரடி மாணவி கெய்க்கோ ஃபுக்குடா 1953 தொடக்கம் இருபது வருடமளவில் ஐந்தாம் தானிலேயே நிறுத்திவைக்கப்பட்டார். 98ஆவது வயதில், 2011இல், அமெரிக்க ஜூடோ அமைப்பு ஒன்றுதான் அவருக்குப் பத்தாம் தான் கொடுத்தது. ஆண்கள் ஜூடோ 1964இல் ஒலிம்பிக்குக்கு வந்தது. பெண்களுக்குப் பதக்கம் 1992 பார்சலோனாவில்தான். மகளுக்கு இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. அவள் நம்பாததே எனக்குச் சந்தோசம்.

அந்த 1964 ரோக்கியோவில் இன்னொன்றும் நடந்தது. ஒல்லாந்தில் கட்டட வேலை செய்து வளர்ந்த அன்ரன் ஹேசிங்க் யப்பானின் கமினாகாவை அவர் மண்ணிலேயே வென்றார். சந்தோசத்தில் பாய்க்குள் ஓடிவந்த சொந்த நாட்டவர்களைக் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, தோற்றவரைத்தான் முதலில் வணங்கினார். நாலு வருடம் கழித்து, 1968இல், எங்கட மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போய்க் கும்பிடக் கேட்ட மனிதர்களை வாசலில் வைத்து அடித்தார்கள்.

அது அந்தக் காலம் என்பீர்கள். பிரான்சில் ஜூடோ கிளப்புகள் பதிவாவது 1901ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ். இலாபம் இல்லை, தலைவரும் பொருளாளரும் சம்பளமில்லாமல் வேலை செய்வார்கள், மண்டபம் நகரசபை தரும். எங்கட ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பதிவாவது அதே சட்டத்தின் கீழ்தான். அங்கேயும் ஒன்றுகூடல் மண்டபம் நகரசபையுடையதுதான். ஆனால் அங்கே புதிதாய்ப் போகிறவனிடம் கேட்கிற முதல் கேள்வி "தம்பி எந்த ஊர்?" இரண்டாவது கேள்வி "ஊரில் எந்தப் பக்கம்?" மூன்றாவது கேள்வி தேவைப்படாது. வீட்டுக்குத் திரும்ப அழைப்பார்களா இல்லையா என்பது அதற்குள் முடிவாகிவிடும்.

ஜூடோ கிளப்பில் என்னிடம் கேட்டது வைத்தியரின் சான்றிதழும் வருடச் சந்தாவும். பிறகு நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள், அடுத்தவரைக் கீறாமல் இருக்க.