காலண்டர் படமும் பஸ்ஸின் பெயரும்: கோவில்பட்டி வட்டார அச்சு வரலாற்றில் நம் இடம்



நினைவுச் சொற்பொழிவில் இலக்கியம் பற்றியோ போராட்டம் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் காலண்டர் ஓவியத்தையும் அச்செழுத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கரிசல் பூமியில் புத்தகம் நுழையாத வீடுகள் ஏராளம். காலண்டரும் தீப்பெட்டியும் நுழையாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு வட்டாரத்து மக்கள் தினமும் பார்த்த படம் எது, தினமும் வாசித்த பெயர் யாருடையது என்பதும் சாதியின் வரலாறுதான். அந்த வரலாற்றில் நம் பங்கு என்ன என்று கேட்பதே இந்த உரையின் நோக்கம்.

கோவில்பட்டி என்றதும் ஓவியர்கள் சொல்லும் பெயர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர். சென்னையில் அரசு ஓவியப் பள்ளியில் பயின்றார். சில காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதினார். 1940களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அங்கே உருவானதுதான் தேவி ஆர்ட் ஸ்டுடியோ. டி.எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம் உள்ளிட்ட சீடர்கள் அவரைச் சுற்றி வளர்ந்தார்கள். 1976இல் அவர் மறைந்தபோது, அந்தக் குழுவின் முருகனும் லட்சுமியும் சரஸ்வதியும் தமிழ்நாட்டுச் சுவர்களில் நிலைபெற்றிருந்தார்கள்.

அந்தப் படங்களின் அமைப்பு நாடக மேடையிலிருந்து வந்தது. பின்னால் மண்டபமோ மலையோ குளமோ ஒரு திரைபோலத் தொங்கும். முன்னால் தெய்வம் நம்மை நேராகப் பார்த்து நிற்கும். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிய வேண்டும் என்பது மேடையின் கணக்கு. அதே கணக்கைக் காகிதத்தில் போட்டார்கள். பல படங்களில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே கையெழுத்தாக இருக்கும். உழைத்தவர் பெயரையும் சேர்த்துப் போடும் அந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

இந்த ஓவியங்களை அச்சிட்டது பக்கத்து ஊரான சிவகாசி. அந்த ஊரின் கதையைச் சேர்த்துப் பார்த்தால்தான் காலண்டரின் அரசியல் விளங்கும். கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தார்கள். அதை எதிர்த்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. நுழைய உரிமை இல்லை என்று 1908இல் தீர்ப்பானது. இடையில் 1899இல் சிவகாசியே சூறையாடப்பட்டது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவல் விரிவாகச் சொல்லும் காலம் இது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சகங்கள்தான் பிறகு சாமி படக் காலண்டர்களை அடித்துத் தள்ளின.

கோயில் வாசலில் தடுக்கப்பட்ட ஒரு சமூகம் வளர்த்த தொழில், கருவறைக்குள் இருந்த உருவத்தை எல்லார் வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் 1939 ஜூலை 8 அன்றுதான் நுழைய முடிந்தது. கரிசல் கிராமங்களில் பல கோயில்கள் அதற்குப் பிறகும் பூட்டியே கிடந்தன. அந்த நிலையில் சேரிக் குடிசையில் தொங்கிய காலண்டர், பூசாரி தேவைப்படாத தரிசனம். காலண்டரில் இருந்த சாமிக்குத் தீட்டு இல்லை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு காலண்டரைச் சமத்துவக் கருவி என்று கொண்டாடினால் பாதி வரலாறுதான் சொன்னதாகும். காலண்டரின் கீழ்ப்பகுதியையும் பார்க்க வேண்டும்.

படத்தை மொத்தமாக அச்சடித்துவிட்டு, கீழே இடம் காலியாக விடுவார்கள். அதில் மளிகைக்கடை, ஜவுளிக்கடை, உரக்கடை முதலாளிகள் தங்கள் பெயரைத் தனியாக அடித்து வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுப்பார்கள். அந்தப் பெயர்கள் பலவற்றில் சாதிப் பட்டமும் கொட்டை எழுத்தில் இருக்கும். மேலே சாமி, கீழே சாதி. வருடம் முழுவதும் நம் வீட்டுச் சுவரிலேயே அது தொங்கியது. யாருக்கும் அது உறுத்தவில்லை, நமக்கும்தான்.

இப்போது தீப்பெட்டிக்கு வருவோம். லேபிளை வரைந்த ஓவியர் உண்டு, அச்சடித்த அச்சகம் உண்டு, கம்பெனியின் பெயர் உண்டு. சட்டத்தில் குச்சி அடுக்கியதும் பெட்டி ஒட்டியதும் லேபிள் ஒட்டியதும் யார்? மானாவாரி நிலம் பொய்த்த ஊர்களிலிருந்து விடியற்காலை வேனில் ஏற்றிச் செல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும். அவர்களில் நம் பிள்ளைகள் ஏராளம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பை ஆபத்தான தொழில் பட்டியலில் வைத்தது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. பூமணி ‘கருவேலம் பூக்கள்’ படத்தில் அந்த வாழ்க்கையைத் திரையில் வைத்தார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை அந்தப் படத்தைத் தொட்ட விரல்களுக்கு அந்தக் கலையின் வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை. கோவில்பட்டி ஸ்டுடியோவில் சீடனின் பெயருக்கு இடம் இருந்தது. கூலிக்காரியின் பெயருக்கு எந்த லேபிளிலும் இடம் இருந்ததில்லை.

அடுத்தது, ஒரு பெயரை எழுதியதற்காகவே நடந்த கலவரம். ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரியில் பிறந்தவர் வீரன் சுந்தரலிங்கம். கட்டபொம்மனின் தளபதி, 1799இல் உயிர் கொடுத்தவர். அன்று இம்மாநிலத்தில் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர்கள், மன்னர்கள் பெயர் வைப்பது சாதாரணம். கட்டபொம்மன் பெயரில் பஸ் ஓடியது. மாவட்டங்களுக்கும் அப்படியே. கோவில்பட்டி இருந்ததே சிதம்பரனார் மாவட்டத்தில்தான். 1997இல் தி.மு.க. அரசு, விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்குச் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து சூறையாடி இரண்டு ஆண்டுகூட முடியாத நேரம் அது. ஜூலையில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது.

அந்தப் பெயரில் சாதிப் பட்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பட்டத்தோடு கொட்டை எழுத்தில் அச்சான முதலாளி பெயர்கள் சுவரில் நிம்மதியாகத் தொங்கின. பட்டமே இல்லாத ஒரு வீரனின் பெயர் பஸ்ஸின் நெற்றியில் இரண்டு மாதம் நிற்க முடியவில்லை. எழுத்து எல்லாருக்கும் பொது என்று வகுப்பறையில் சொல்கிறார்கள். எந்தப் பெயரை எந்த அளவில் எந்த இடத்தில் எழுதலாம் என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது.

இதை நம் முன்னோர்கள் நூறு ஆண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்கு வைத்த பெயர் ‘பறையன்’. வசவாக எறியப்பட்ட சொல்லை ஈய எழுத்தில் கோத்து முகப்பில் நிறுத்தினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கினார். ஏழை வாங்கக்கூடிய விலையையும், நாம் யார் என்ற உரிமைக் கோரிக்கையையும் தலைப்பிலேயே சேர்த்துவிட்டார். பத்திரிகை முகப்பைப் போராட்டக் களமாக்கிய மரபு நமக்கு உண்டு. இன்று ஊர் முனையில் நீலப் பலகையில் அண்ணல் பெயரை எழுதும் இளைஞன் அந்த மரபில் வந்தவன்தான். அவர் சிலையைச் சுற்றி அரசு போடும் இரும்புக் கூண்டு, 1997இல் பெயர்களை அழித்த அதே தீர்வின் தொடர்ச்சி. தாக்குபவனைத் தடுக்காமல், தாக்கப்படுவதை மறைத்து வைக்கும் தீர்வு.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்து முடிக்கிறேன். கரிசல் இலக்கியத்தில் நம் வாழ்க்கை பதிவாகிவிட்டது. சோ. தர்மனின் ‘கூகை’ போல நாவல்கள் இருக்கின்றன. கரிசலின் அச்சுப் படங்களுக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. ஃப்ளெக்ஸ் வந்து சுவர் எழுத்தாளர்களின் வேலை போய்விட்டது. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பேசுங்கள். சங்கங்களின் பழைய துண்டறிக்கை, மாநாட்டு வால்போஸ்டர், நினைவுநாள் அட்டை, அம்பேத்கர் காலண்டர் எல்லாவற்றையும் சேகரியுங்கள். லேபிள் சேகரிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. நீங்கள் லேபிளோடு அதை ஒட்டிய அம்மாவின் பெயரையும், அவர் ஊரையும், அன்று வாங்கிய கூலியையும் அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். அவர் சம்மதித்தால் அந்தப் பெயரை முதல் வரியில் போடுங்கள்.