பட்ரோன்: ஒரு சொல்லும் ஒரு தோட்டாவும்

டென்மார்க்கு தேசத்து வேட்டைக்காரர்கள் தோட்டாவைப் "பட்ரோன்" என்று வழங்குகின்றனர். அச்சொல் அவர்கள் மொழியில் பிறந்ததன்று. ஜெர்மன் வழியாகப் பிரெஞ்சிலிருந்து வந்து குடியேறியது. பிரெஞ்சில் அது மாதிரி, மூல உருவம் என்னும் பொருளுடையதாய், தையற்காரர் துணி வெட்டுதற்கு ஆதாரமாகக் கொள்ளும் காகித மாதிரிக்கு இன்றளவும் பெயராய் நிற்கிறது. அதற்கும் மூலமான லத்தீன் சொல்லோ, தந்தை என்பதனை வேராகக் கொண்டு, காப்பாளனைக் குறித்தது. காப்பவன் பின்பற்றத்தக்கவனுமாதலின், பின்பற்றத்தக்க உருவத்துக்கே காலப்போக்கில் அப்பெயர் உரியதாயிற்று. இவ்வாறு, மாதிரியொன்றைத் தழுவி ஒரே அளவாகச் செய்யப்படும் பொருள் என்னும் கருத்தே டேனிஷ் மொழியில் தோட்டாவின் பெயரினுள் உறைந்து கிடக்கிறது.

ஆங்கிலேயர் அதே பொருளுக்கு இட்ட பெயர் காகிதத்திலிருந்து பிறந்தது. மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிவைத்த காலத்தின் நினைவு அது. பல்லால் கடித்துக் கிழிக்கவேண்டிய அக்காகிதச் சுருளில் விலங்குக் கொழுப்புப் பூசியிருந்ததாக எழுந்த ஐயம் 1857இல் வட இந்தியாவில் எத்தகைய பிரளயத்தை விளைத்தது என்பது நம்மவர் அறிந்ததே. நாம் வழங்கும் தோட்டா இந்துஸ்தானி வழியாக வந்தது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாழ்ந்த டேனியர், தம் பட்ரோனை நம் நாவில் விட்டுச் செல்லவில்லை.

சொல் நிலைத்திருக்கப் பொருள் மாறியதற்கு டேனியர் உதிரம் சிந்தியே காரணம் கண்டனர். 1864 ஜூலை 3ஆம் நாள், யூட்லாந்தின் லுண்ட்பி என்னும் கிராமத்தருகே, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளோடு முன்னேறிய டேனியப் படையினர், பின்புறத்தில் தோட்டா ஏற்றும் பிரஷ்யத் துப்பாக்கிகளின் முன் சிறிது நேரத்துக்குள் வீழ்ந்துபட்டனர். எதிரிகளில் மடிந்தவர் ஒருவரும் இலர். மூன்றாண்டு கழித்து டென்மார்க்கு ரெமிங்டன் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதனோடு உலோகக் கூடுடைய தோட்டாவும் வந்தது. 1889இல் வந்த கிராக்-யோர்கென்சன் துப்பாக்கியின் தோட்டா 8×58 எனப் பெயர் பெற்றது. முன்னெண் குழலின் விட்டத்தையும் பின்னெண் கூட்டின் நீளத்தையும் மில்லிமீட்டரிற் கூறும். பெயரே அளவாகிவிட்டது, மாதிரி என்னும் பழம்பொருள் முழுமையடைந்ததும் இங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

மாதிரி உறுதிப்பட்ட இடத்தில் அதனை மீறுவோரும் தோன்றுவர். தொழிற்சாலை செய்து விற்காத, நியம அளவுகளிற் சேராத, ஒருவர் தம் நோக்கத்துக்கென வகுத்துக்கொண்ட தோட்டாவை அமெரிக்கர் காட்டுப்பூனை என்றழைத்தனர். அந்நாட்டு எல்லைப்புறங்களில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நம்பத்தகாத நோட்டுகளை வெளியிட்ட வங்கிகளுக்கு வழங்கிய பெயர் அது. பின்னர் ஒழுங்குக்குப் புறம்பான முயற்சி யாவற்றுக்கும் பரவிற்று. வங்கிக்கு இழிபெயராயிருந்தது தோட்டாவுக்குப் பெருமைப்பெயராயிற்று. எனினும் இத்தோட்டாக்களிற் பெரும்பாலானவை புதுச் சிருஷ்டிகள் அல்ல. கிடைக்கும் பித்தளைக் கூடொன்றின் கழுத்தைச் சுருக்கியோ விரித்தோ, தோளைப் பின்தள்ளியோ, உடலைக் குறுக்கியோ அமைக்கப்படுவன. கூடு மாறினால் துப்பாக்கியின் தோட்டா அறையும் அதற்கேற்பக் குடையப்படவேண்டும். அழுத்தம் எவ்வளவு எழும் என்பதற்கு அச்சிட்ட அட்டவணை எதுவும் கைகொடாது. துணிவு மட்டும் உடையவனுக்கு உரிய வேலையன்று இது. அளவுகோலைத் தெய்வமெனப் போற்றுபவனுக்கே உரியது.

காட்டுப்பூனைத் தோட்டாக்களின் வரலாற்றில் டென்மார்க்கு இடம்பெற்றது ஃபூன் தீவினால். கதாசிரியர் ஆண்டர்சன் பிறந்த ஒடென்ஸ நகருக்கு வடக்கே ஒட்டரூப் என்னும் சிற்றூரில் ஷுல்ட்ஸ் அண்டு லார்சன் என்ற துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதன் பெயரிற் பங்குடைய நீல்ஸ் லார்சன் 1912, 1920ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளில் குறிபார்த்துச் சுடுவதிற் பதக்கம் பெற்றவர். சுடுபவனே செய்பவனுமாக இருந்ததன் விசேஷம் அவர்கள் வேலைப்பாட்டில் துலங்கியது. தாழின் பின்புறத்தில் நான்கு பூட்டுப் பற்களை அமைத்து அவர்கள் செய்த துப்பாக்கியின் வலிமையும் வழுவழுப்பான இயக்கமும் கடல்கடந்து பேசப்பட்டன.

அப்பேச்சு எட்டிய செவிகளுள் ஃபிலிப் ஷார்ப் என்னும் அமெரிக்கருடையதும் ஒன்று. தோட்டாக்களை வீட்டிலேயே மீண்டும் நிரப்பும் கலையைப் பற்றிப் பெருநூல் எழுதிய அவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைக்கல ஆராய்ச்சிப் பணியில் ஐரோப்பா சென்றபோது, பிரெஞ்சுக்காரர் பரிசோதனைக்கென வகுத்து வழக்குக்குக் கொண்டுவராத 7 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றைக் கண்டு மனம் பறிகொடுத்தார். ரிச்சர்டு ஹார்ட் என்பவரோடு கூடி அதன் சாயலிற் புதுத் தோட்டா வகுக்க முனைந்து, பலமுறை மாற்றியமைத்து, முடிவில் அடிப்பகுதியிற் கச்சை கட்டிய கூடொன்றைத் தேர்ந்தார். 7×61 ஷார்ப் அண்டு ஹார்ட் என்பது அதன் நாமம். 1953இல் அது வெளிவந்தபோது, அதற்குரிய துப்பாக்கியைச் செய்தவர் ஒட்டரூப்பினர். தோட்டாவைச் செய்தது சுவீடனின் நோர்மா நிறுவனம். பிரெஞ்சுக் கருவும் அமெரிக்கக் கருத்தும் ஸ்காண்டிநேவியக் கைத்திறனும் சேர்ந்து, தனிமனிதர் இருவரின் காட்டுப்பூனையாய்த் தொடங்கியதைப் பெட்டியிலிட்டு விற்கும் பட்ரோனாக்கின. உலகம் பெயரறியாத ஒரு சிற்றூரின் கம்மியர் இதனைச் சாதித்தது என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. பெருந்தொழிற்சாலைகள் தயங்கிய வேளையில் அவர்கள் தயங்கவில்லை.

1962இல் ரெமிங்டன் நிறுவனம் தன்னுடைய 7 மில்லிமீட்டர் மாக்னத்தை இறக்கியதும், மலிவும் எளிதிற் கிடைத்தலும் அதற்குத் துணைநிற்க, டேனியத் துப்பாக்கியின் தோட்டா பின்தங்கிவிட்டது. நோர்மா 1968இல் கூட்டின் சுவரை மெலிதாக்கி உட்கொள்ளளவைப் பெருக்கிச் சூப்பர் 7×61 என வெளியிட்டும் இழந்த ஸ்தானம் மீளவில்லை. குணத்திற் குறைந்து தோற்றது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

மானுக்கு ஏற்ற தோட்டாவை நிர்ணயிக்கும் டேனிஷ் சட்டம், அதன் பெயரையன்று, 100 மீட்டர் தொலைவில் குண்டு தாங்கிச்செல்லும் ஆற்றலைக் கருதுகிறது. ஆகவே தாமே வகுத்த தோட்டாவோடு செல்வோர்க்கும் அங்கே வழி அடைபடவில்லை. புதிய நெருக்கடி வேறு திசையிலிருந்து வந்துள்ளது. 1996இல் ஈயச் சிறுரவைகளை முற்றிலும் விலக்கிய அந்நாடு, 2024 ஏப்ரல் முதல் நாளிலிருந்து வேட்டைத் துப்பாக்கிகளின் ஈயக் குண்டுகளையும் தடைசெய்தது. ஈயத்தினும் அடர்த்தி குறைந்த செம்பினால் அதே எடைக்குக் குண்டு செய்தால் அது நீண்டுவிடும். நீண்ட குண்டு கூட்டினுள் ஆழ இறங்கி மருந்துக்குரிய இடத்தைக் கவர்ந்துகொள்வதோடு, குழலின் வரிகள் இன்னும் விரைவாக முறுக்குண்டிருத்தலையும் வேண்டும். ஈயத்துக்கென வகுத்த கூடுகளின் கழுத்தையும் தோளையும் மறுபடி அளந்து பார்க்கவேண்டிய வேலை இப்பொழுது அங்கே மேசைகளின் மேல் கிடக்கிறது.